உள் விளிம்பு

சிவப்புக் குறி போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது திரையின் இடது ஓரத்தில் இருந்தது. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் இருந்தது. தான் தயிர்சாதம் சாப்பிடுகிற இருபது நிமிஷத்தில் கணினி தானாக மனம் திருந்திவிடும் என்று சங்கரகோமதி எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்காமலும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் வரைபடம் போடும் இந்த வேலையில் இருப்பவர்களிடம் எங்கேயாவது ஒரு மூலையில் இப்படி ஒரு மூடநம்பிக்கை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பாதை தொடர்ச்சியாக இல்லை என்றது செய்தி. காலையிலிருந்து பதினேழு தடவை சொல்லிவிட்டது. மனிதர்கள் பதினேழு தடவை ஒன்றைச் சொன்னால் கடைசியில் குரலாவது உயரும், இதற்கு அதுவும் கிடையாது. காரியம் என்னவோ சாதாரணம். அவிநாசி சாலையில் எழும்பிக்கொண்டிருக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கு வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு, அதற்குக் கைப்பிடி. ஒரே ஒரு கம்பியை வரைந்து, படியோரத்து வளைவைப் பாதை என்று தொட்டுக்காட்டி, இத்தனை மில்லிமீட்டருக்கு ஒன்று என்று சொல்லிவிட்டால் மென்பொருள் அந்தக் கம்பியைப் பாதை நெடுக நட்டுக்கொண்டே போகும். பேட்டர்ன் என்று பெயர். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் இதைத் தோரணி என்று போட்டிருக்கிறார்கள். தோரணம் கட்டுகிறவன் கயிற்றை இழுத்துப் பார்த்து, தொய்ந்த இடத்தில் ஓர் ஓலையைக் கூடச் செருகுவான், இது செருகாது. சொன்னதைச் செய்யும், அல்லது சிவப்பாகும். கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடிக்கும், முதல் மாடியிலிருந்து இரண்டாவதுக்கும் கைப்பிடி முடிந்து, பெயிண்ட் அடித்து, படிக்கட்டில் ஏற்றிப் பற்றவைத்தும் ஆகிவிட்டது. மூன்றாவது மாடிக்குப் போகிறது மட்டும் பாக்கி. அதன் வரைபடம் நான்கு மணிக்குப் பட்டறைக்குப் போக வேண்டும். மணி இரண்டு பத்து.

வழக்கமான நோய்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். கம்பிகள் குடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி சாய்ந்து நின்றால் திசையைச் சொல்லவில்லை என்று பொருள். எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் இடைவெளிக்கான கட்டத்தில் பூஜ்யம். பாதியில் நின்றுபோனால் வளைவும் நேர்கோடும் சேருகிற இடத்தில் முறிவு. இவளுடையது இவை எதுவுமாகத் தெரியவில்லை, எல்லாமாகவும் தெரிந்தது. அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தாள். சிவப்பு. பாதையை இரண்டாக வெட்டிச் செய்தாள். சிவப்பு. இணையத்தில் தேடினால் எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவன் பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் எழுத்துக்கு எழுத்து இதே கேள்வியைக் கேட்டிருந்தான். இரண்டு நாள் கழித்து அவனே கீழே, சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி, என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அவன் இப்போது எங்கே இருப்பான், வேறு வேலைக்குப் போயிருப்பானோ, கேட்டால் சொல்வானோ, அல்லது அவனுக்கும் சரியாகவே ஆகாமல், நான்கு மணி வந்துவிட்டதால் மானத்துக்காக அப்படி எழுதினானோ. தலைக்கு மேல் ஏசி ஒரு முறை இருமிவிட்டுத் திரும்பவும் ஊதத் தொடங்கியது. ஒன்றும் இரண்டும் ஒரு முனகல் இல்லாமல் போனவை, மூன்றாவதுக்கு மட்டும் என்ன கேடு வந்தது என்று நினைத்தபோதுதான், பழைய கோப்பைத் திறந்து அதில் என்ன செய்தோம் என்று பார்த்து அப்படியே செய்துவிடலாமே என்று தோன்றியது. இந்த யோசனை காலையிலேயே வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் கர்வம். தான் செய்ததைத் தானே பார்த்துக் காப்பியடிப்பதா என்கிற கர்வம். திறந்தாள். பேட்டர்ன் என்ற வரியைச் சொடுக்கினாள். பாதை நீலமாக ஒளிர்ந்தது.

முதலில் அவளுக்கு எதுவும் ஆகவில்லை. படியைத் தாங்குகிற வளைந்த பீம் இருநூறு மில்லி அகலம். அதற்கு உள் பக்கம் ஒரு விளிம்பு, வெளிப் பக்கம் ஒரு விளிம்பு. கம்பிகள் நிற்பது வெளி விளிம்பில். நீலம் ஒளிர்ந்தது உள் விளிம்பில். அவ்வளவுதான். முதல் கம்பியை வெளியே நட்டுவிட்டு, பாதையை உள்ளே காட்டியிருக்கிறாள். மற்றக் கம்பிகள் பாதையிலிருந்து முதல் கம்பி நிற்கிற தூரத்தில் தாங்களும் நின்றுகொண்டு, ஒழுங்காக வெளி விளிம்பிலேயே வளைந்து போயிருக்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிறகு பின்கழுத்தில் ஏசிக் காற்று படுவது தெரிந்தது. நூற்றுப்பத்து மில்லிக்கு ஒரு கம்பி என்று கொடுத்தாள். கம்பியின் தடிமன் பதினாறு. கழித்தால் நடுவில் தொண்ணூற்று நான்கு. மருத்துவமனை கொடுத்த நிபந்தனைத் தாளில் பதினான்காவது வரி: எந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே நூறு மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. தொண்ணூற்று நான்கு, நூறுக்குள் அடக்கம், சுபம். ஆனால் அந்த நூற்றுப்பத்தை மென்பொருள் அளந்தது பாதையில். பாதை உள் வட்டம். அதன் ஆரம் ஆயிரத்து அறுநூறு. வெளி வட்டத்துக்கு ஆயிரத்து எண்ணூறு. பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் பந்தயத்தில் வெளித் தடத்துக்காரனை ஏன் நாலடி முன்னால் நிறுத்துகிறார்கள் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். உள்ளே நூற்றுப்பத்து நடந்தால் வெளியே நூற்று இருபத்து மூன்றே முக்கால். பதினாறைக் கழி. நூற்று ஏழே முக்கால். மறுபடியும் கழித்தாள், கைப்பேசியில். நூற்று ஏழே முக்கால். காகிதத்தில் வகுத்துப் பெருக்கிக் கழித்தாள், ஏதோ காகிதத்துக்கு மட்டும் வேறு கணக்கு உண்டு என்பது போல. வெளி விளிம்பில் எழுபத்தேழு கம்பி நிற்க வேண்டிய இடத்தில் அறுபத்தெட்டு நிற்கிறது. ஒரு மாடிக்கு ஒன்பது குறைவு, இரண்டு மாடிக்குப் பதினெட்டு. திரையில் மேலிருந்து பார்க்கும்போது இரண்டு விளிம்பும் மயிரிழை அருகில் கிடக்கும், கை எதைத் தொட்டதோ அது. வரைந்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் இருந்த மனுஷன் போன ஆடியில் வேலையை விட்டுப் போனதிலிருந்து அங்கேயும் அவள் பெயர்தான். தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்வதில் ஒரு வசதி உண்டு, சண்டை வராது.

ஏழே முக்கால் மில்லி. ஒரு பென்சிலின் தடிமன். ஒரு பென்சில் அகலத்தில் என்ன போய்விடும். நூறில் போகாதது நூற்று ஏழே முக்காலில் போகுமா. போகாது. போகும் என்றால் நூறு என்று எவனோ எழுதியதற்குக் காரணம் இருந்திருக்கும். எழுதினவன் கொஞ்சம் தாராளமாகக் குறைத்து எழுதியிருப்பான், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. எதற்கும் என்றால் எதற்கு. கணபதியில் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் பால்கனிக் கம்பிகள் என்ன இடைவெளியில் இருந்தன என்று அவளுக்குத் தெரியாது. கதவு, ஜன்னல், மேஜை, மாவு டப்பா என்று கண்ணில் படுவதையெல்லாம் கண்ணாலேயே அளக்கிறவள் அதை மட்டும் அளக்கவில்லை. மகன் நம்பிக்கு அப்போது பதினான்கு மாதம். அடுப்பில் பால். திரும்பி வந்தபோது பிள்ளை பால்கனிக்கு உள்ளே இல்லை, வெளியே இருந்தான். கால் முதலில் போயிருக்கிறது, பிறகு வயிறு, பிறகு நெஞ்சும் கையும். காதுக்குக் கீழே கம்பி பிடித்துக்கொண்டுவிட்டது. தலை மட்டும் உள்ளே, அவளைப் பார்த்தபடி. அழவில்லை. கம்பி வழியாக இரண்டு கையையும் விட்டு அவன் அக்குளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே நின்றாள். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து காதிலும் தாடையிலும் தேங்காயெண்ணெய் ஊற்றினாள். கீழே நின்ற ஆட்டோக்காரர் ஜாக்கியைக் கொண்டுவந்து இரண்டு கம்பிக்கும் நடுவில் வைத்து முறுக்கினார். எவ்வளவு முறுக்கினார். ஒரு பென்சில் அகலம் இருக்குமா. பிள்ளைகளுக்குத் தலைதான் பெரிது, உடம்பு போன வழியில் தலை வராது, ஆகவே உடம்பே போகக் கூடாது. நூறு என்று எழுதியவன் இந்தக் கணக்கை எங்கோ பார்த்திருக்கிறான், அவனும் எண்ணெய் ஊற்றியிருப்பான், அல்லது ஊற்ற நேரம் கிடைத்திருக்காது. நம்பிக்கு இப்போது பத்தொன்பது வயது, திருச்சியில் படிக்கிறான், எந்த ஹெல்மெட்டும் சேரவில்லை என்று புலம்புகிறான். அவன் அன்றைக்குக் கொழுகொழுவென்று இருந்த பிள்ளை, அவனே போனான். இந்தப் படிக்கட்டில் நடக்கப்போகிறவை பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைகள். இளைத்த பிள்ளைகள். அதை யோசிக்க வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்ததால் மறுபடியும் யோசித்தாள்.

திரையில் இருக்கிற மாடல் பொய் சொல்லலாம். பட்டறையில் கையோடு கையாக நெருக்கி வைத்திருக்கலாம். நஞ்சப்பனைக் கூப்பிட்டாள். முப்பது வருஷமாகப் பற்றவைப்பு வேலை பார்க்கிற மேஸ்திரி, மருத்துவமனையிலேயேதான் இருந்தார், கைப்பிடிக்கு மேலே பாலிஷ் போட்டுக்கொண்டு. "சொல்லுங்க அம்மிணி" என்றார், பின்னால் கிரைண்டர் சத்தம். "அண்ணா, ரெண்டாவது மாடிக்குப் போற படியில எங்கயாவது ரெண்டு கம்பிக்கு நடுவுல டேப் போட்டுப் பார்த்துச் சொல்றீங்களா?" "ஏனுங், எதாச்சும் தப்பாப் போச்சுங்களா?" "சும்மாதான்." "சும்மா டேப் போடச் சொல்ற ஆளா நீங்க" என்றார், சிரித்தார், கிரைண்டரை நிறுத்தச் சொன்னார். அவர் படியேறுகிற சத்தம் கேட்டது. தொண்ணூற்று நான்கு என்று சொல்லுங்கள் அண்ணா. தொண்ணூற்று ஒன்பது என்றாலும் சரி. "நூத்தியேழுங். அதுக்கு மேல கொஞ்சூண்டு வருது, எட்டுன்னே வெச்சுக்கலாம். இன்னொண்ணுல போடட்டுங்களா?" "போடுங்க." "அதே தானுங். ஒண்ணாட்டமே இருக்குதுங்க எல்லாம், நம்ம கை சுத்தம்." அவர் குரலில் இருந்தது பெருமை. "கம்பி கொறச்சலா இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா அண்ணா?" "தோணுச்சுங் அம்மிணி. பசங்ககிட்டக்கூடச் சொன்னேன், நெம்ப அகலமா இருக்குதேன்னு. டிராயிங்ல அறுபத்தெட்டுன்னு போட்டிருந்துச்சு. நீங்க போட்டது. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?" நீங்க போட்டது என்பதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, மரியாதையாகச் சொன்னார். குற்றமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். கீழே குடிநீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதாம், பையன்கள் பிடிக்க ஓடுகிறார்களாம், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

மூன்று மணி. இப்போதாவது ஒன்றைச் சரியாகச் செய்வோம் என்று மூன்றாவது மாடியின் வெளி விளிம்பைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கிக்கொண்டே போனாள். வளைவு நேர்கோட்டைத் தொடும் இடம் திரை முழுதும் விரிந்து, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தொடாமல் நின்றன. நடுவே மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. இதற்காகத்தான் காலையிலிருந்து சிவப்பு. ஐம்பதில் ஒரு பங்கு மில்லி விலகியதற்குப் பத்தொன்பது தடவை மறுத்த இயந்திரம், ஏழே முக்கால் மில்லிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாது. அதனிடம் நூறு என்று யாரும் சொல்லவில்லையே. அதற்குக் குழந்தை என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்தவர்கள் அதைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். முனைகளைச் சேர்த்தாள். பாதையாக வெளி விளிம்பைத் தொட்டாள். இரண்டாம் முறை பெரிதாக்கி வெளி விளிம்புதானா என்று பார்த்துவிட்டு, சரி என்பதை அழுத்தினாள். எழுபத்தேழு கம்பிகள் எழுந்து நின்றன, ஒன்றுகூடச் சாயாமல், தொண்ணூற்று நான்கு தொண்ணூற்று நான்காக. சிவப்பு போய்விட்டது. இந்த ஒரு மாடி சரியாக இருக்கும். மற்ற இரண்டையும் அறுத்து எடுக்கச் சொல்லலாம். கூடுதலாகப் பதினெட்டுக் கம்பி, மூன்று நாள் வேலை, திறப்பு விழா அடுத்த வியாழன், நேரம் இருக்கிறது. இருக்கிறதா. இருக்கிறது. பத்து நிமிஷம் அந்த எழுபத்தேழையும் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து போகத் தைரியம் வருகிற வரை.

முதலாளி திருமூர்த்தி தன் அறையில் கொய்யாக் கீற்றில் உப்புத் தொட்டுக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபம். உட்காருங்க மேடம் என்றார், தட்டை அவள் பக்கம் நகர்த்தினார், அவள் சொல்வதை மெல்லுவதை நிறுத்திக் கேட்டார். "எட்டு மில்லி" என்றார். "ஏழே முக்கால் சார்." "அதைத்தான் சொல்றேன். அவங்க எஞ்சினியர் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு, போட்டோவும் எடுத்துட்டுப் போயிட்டார். எட்டு மில்லியில எந்தக் குழந்தை விழுந்துடும்?" "தெரியாது சார். விழுந்தாத்தான் தெரியும்." அவர் அவளைப் பார்த்தார். அவரும் இரண்டு பேத்திகளுக்குத் தாத்தா. அந்த நினைப்பு அவர் முகத்தில் வந்து, ஒரு கணம் உட்கார்ந்து, எழுந்து போவதை அவள் பார்த்தாள். "இப்ப அறுத்தா மேடம், பெயிண்ட் போகும், கிரானைட் தெறிக்கும், ஏன் அறுக்கறீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?" "தப்புன்னு சொல்லலாம் சார். என் தப்புன்னே சொல்லலாம்." "உங்க தப்புன்னா கம்பெனி தப்பு இல்லீங்களா?" கொய்யாவை வைத்துவிட்டார். "சரி, மூணாவது மாடி என்ன பண்ணிருக்கீங்க?" எழுபத்தேழு என்றாள். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஆகாதுங்களே. மேல மட்டும் நெருக்கமா நின்னா, கீழ ரெண்டும் தப்புன்னு நாமளே போர்டு எழுதி மாட்டின மாதிரி ஆயிடும். கீழ இருக்கற மாதிரியே போட்டுடுங்க. ஒரே மாதிரி இருக்கணும், அதுதானுங்களே அழகு?" பிறகு, அவள் எழுந்திருக்காமல் இருப்பதைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணும் ஆகாது கோமதி. இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆனதில்லை." ஆனதில்லை என்பது உண்மை. அவருக்குத் தெரிந்து.

மருத்துவமனையின் எஞ்சினியர் எண் அவள் கைப்பேசியில் இருக்கிறது. வரும் வழியில் எடுத்துப் பார்த்தாள், பெயருக்குப் பக்கத்தில் அவர் படம், ஏதோ அருவிக்கு முன்னால் நிற்கிறார். அழைத்தால் எடுப்பார். எடுத்து, மேடம் நான் கையெழுத்துப் போட்டாச்சே என்பார், அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார், அவருக்கும் கொய்யா இருக்கும். இல்லை, எடுத்து, நல்ல வேளை சொன்னீர்கள் என்றும் சொல்லக்கூடும். அதுதான் பயமாக இருந்தது. அப்புறம் நஞ்சப்பனுக்கு என்ன ஆகும், முப்பது பேர் வேலை பார்க்கிற பட்டறை, அடுத்த கட்டடம் இவர்களுக்கு யார் கொடுப்பார்கள். இப்படி அடுக்கிக்கொண்டே போனாள், ஒவ்வொரு காரணமும் முந்தினதைப் போலவே இருந்தது, ஒரே அளவில், ஒரே இடைவெளியில், எல்லாம் அவள் முதலில் நட்ட ஒரு பயத்தின் நகல்கள். படத்தை மூடிவிட்டு உட்கார்ந்தாள். மூன்று நாற்பது. எழுபத்தேழு கம்பிகளும் இருந்தன. பாதையை நீக்கினாள். அவை போயின. உள் விளிம்பைத் தொட்டாள், இந்தத் தடவை தெரிந்தே, பெரிதாக்கிப் பார்த்து, உள் விளிம்புதானா என்று உறுதிசெய்துகொண்டு. அழுத்தினாள். அரை வினாடிகூட ஆகவில்லை. அறுபத்தெட்டு. சிவப்பு இல்லை, மஞ்சள் எச்சரிக்கை இல்லை, காலையிலிருந்து அவளோடு மல்லுக்கட்டிய மென்பொருள் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது.

பிறகு யாரும் கேட்காத ஒன்றைச் செய்தாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அம்புக்குறி இழுத்து, அளவை எழுதினாள்: 107.75. கைப்பிடி வரைபடத்தில் இந்த அளவை யாரும் போடுவதில்லை. கம்பிக்குக் கம்பி தூரம், மொத்த எண்ணிக்கை, அவ்வளவுதான் போடுவார்கள். போன இரண்டு வரைபடங்களில் இது இருந்திருந்தால் யாராவது ஒருவர் நின்றிருப்பார். எழுத்தைப் பெரிதாக்கினாள். தாளின் நடுவில், எவர் கண்ணும் தப்ப முடியாத இடத்தில் வைத்தாள். பட்டறையில் ஒருவர் படித்தால் போதும், மருத்துவமனைக்குப் போகிற நகலில் ஒருவர் பதினான்காவது வரியோடு ஒப்பிட்டால் போதும். தன்னால் சொல்ல முடியாததை ஓர் எண் சொல்லிவிடும் என்று நம்புகிற அளவுக்கு அவள் இறங்கிவிட்டிருந்தாள். முதலாளிக்கு அனுப்பினாள். மூன்று ஐம்பத்திரண்டு. பார்த்துவிட்டார் என்று காட்டியது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார் என்று காட்டியது. எடுக்கச் சொல்வார். எடுக்க மாட்டேன் என்று சொல்வேன். சொல்வேனா. சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும், எடுக்கச் சொல்லட்டும், எடுக்கச் சொல்லட்டும். செய்தி வந்தது. "டிராயிங் ஓகே மேடம். அந்த 107.75 மட்டும் பாக்க நல்லால்ல. 108னு போட்டுடுங்க. நல்ல நம்பர்." அதற்குப் பின்னால் ஒரு கும்பிடு.

கணக்குப்படியும் அது சரிதான். முக்காலை மேலே ஏற்றித்தான் முழு எண்ணாக்க வேண்டும். மறுப்பதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று சங்கரகோமதி தேடினாள். பிறகு 108 என்று மாற்றி, நான்கு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் பட்டறைக்கு அனுப்பினாள்.